ஜெனரேட்டர் வாங்குமுன்: கணக்கில் விடுபடும் அந்த முதல் நொடி

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததைக் கொழும்பில் யார் மறப்பார்கள்? அந்த அவசரத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு ஜெனரேட்டர் வந்தது. லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. தண்ணி மோட்டரைப் போட்டதும் இன்ஜின் திணறி நின்றுவிட்டது.

ஒவ்வொரு சாமானிலும் எழுதியிருக்கும் வாட்டை மட்டும் கூட்டியதுதான் பிழை. ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டர், ஏசி போன்றவை ஓடத் தொடங்கும் நொடியில் வழமையைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ இழுக்கும். அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது சுமார் 600 வாட் என்றால், கிளம்பும்போது 1800 வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு 200, லைட், ஃபேனுக்கு 100 சேர்த்தால் 2100. எல்லாச் சாமானுக்கும் மும்மடங்கு போடத் தேவையில்லை. ஆகப் பெரிய மோட்டருக்கு மட்டும் போட்டு, ஃப்ரிட்ஜையும் மோட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்.

அடுத்து, பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண். அது அநேகமாகச் சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவைக் கேட்டு வாங்குங்கள். அது கேவிஏயில் (கிலோ வோல்ட் அம்பியர்) இருந்தால், வாட்டுக்கு மாற்ற ஆயிரம் வோல்ட் அம்பியர் ஒரு கேவிஏ என்று கணக்கிட்டு 0.8ஆல் பெருக்குவது பாதுகாப்பு: 3 கேவிஏ என்பது 2400 வாட். மேலே போட்ட கணக்குக்கு அது போதும். கேத்தலை மட்டும் மறந்துவிடுங்கள், அது ஒன்றே 2000 வாட் கேட்கும்.

அதற்காக ஆகப் பெரியதை வாங்குவதும் சரியில்லை. இரண்டு லைட்டுக்காக 6 கேவிஏ ஓடினால் பெட்ரோல்தான் வீண். 2022இல் பெட்ரோல் பங்கீட்டுக்காகக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

வெள்ளவத்தை, தெஹிவளை மாடிவீடுகளில் இருப்பவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பெட்ரோல் ஜெனரேட்டரை பால்கனியில் வைக்காதீர்கள். அதன் புகையில் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கதவு, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க முற்றம் இல்லாவிட்டால், பற்றரியோடு இன்வேர்ட்டர் வாங்குங்கள்.

வயரின் இரண்டு பக்கமும் பிளக் பூட்டி, ஜெனரேட்டரிலிருந்து சுவர் சொக்கெட்டில் செருகவே கூடாது. கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை எடுத்துவிடும். தகுதியுள்ள எலெக்ட்ரீசியனைக் கொண்டு வீட்டை வெளி லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள். ஜெனரேட்டர் வாங்கும் காசிலேயே அதற்கும் ஒதுக்கி வையுங்கள்.