பந்து கையில் கூடினால் குறி குறையுமா? ஹார்டனின் மூன்று சீசன்களை வைத்து ஒரு கணக்கு

கூடைப்பந்தில் அணியின் தாக்குதலில் ஒரு வீரரின் பங்கு கூடும்போது அவருடைய ஷூட்டிங் சதவீதம் பெரும்பாலும் இறங்கும். எவ்வளவு இறங்கியது, அதற்காகக் கவலைப்படலாமா என்று பார்க்க ஒரு எக்செல் தாள் போதும். அமெரிக்காவின் என்பிஏ லீக் வீரர் ஜேம்ஸ் ஹார்டனை எடுத்துக்கொள்வோம். 2011-12இல் ஓக்லஹோமா சிட்டியில் டுரான்ட், வெஸ்ட்புரூக் என்ற இரு நட்சத்திரங்களுக்கும் அடுத்த இடத்தில், பெஞ்சிலிருந்து மாற்று வீரராக இறங்கியவர். 2012 அக்டோபரில் ஹூஸ்டனுக்குப் போனதும் முதல் ஆள். 2018-19இல் தாக்குதல் மொத்தமும் அவர் கையில்.

படி 1: எண்களை எடுங்கள்

பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் எல்லாம் கிடைக்கும். ஆட்டத்துக்குச் சராசரி, வரிசையாகப் புள்ளி, ஷாட் முயற்சி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறியும், ஒரு புள்ளி வீச்சு) முயற்சி, டர்ன்ஓவர் (ஷாட் எடுக்காமலே பந்தை எதிரணியிடம் இழப்பது):

2011-12: 16.8 / 10.1 / 6.0 / 2.2
2012-13: 25.9 / 17.1 / 10.2 / 3.8
2018-19: 36.1 / 24.5 / 11.0 / 5.0

படி 2: ட்ரூ ஷூட்டிங்

வெறும் ஃபீல்டு கோல் சதவீதத்தை, அதாவது எடுத்த ஷாட்டில் எத்தனை விழுந்தது என்பதைப் பார்த்தால் ஏமாறுவீர்கள். அதில் த்ரீ பாயிண்டரும் (தூரத்திலிருந்து எடுக்கும் மூன்று புள்ளி ஷாட்) இரண்டு புள்ளி தரும் சாதா ஷாட்டும் ஒன்றுதான். ஃப்ரீ த்ரோவுக்கு இடமே இல்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்க்கும் ட்ரூ ஷூட்டிங் சதவீதம்:

புள்ளி ÷ [2 × (ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி)]

ஏன் 0.44? கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிகல் ஃபவுல் (நடத்தை மீறல் போன்றவற்றுக்கான தண்டனை) போன்றவற்றுக்குத் தனியாக ஒரு வாய்ப்பு செலவாவதில்லை. அதைச் சரிக்கட்டத்தான் பாதிக்கும் சற்றுக் குறைவான எண்.

விடை, சதவீதத்தில்: 66.0, 60.0, 61.6. உங்களுக்கு 65.9, 61.5 என்று வந்தால் பதற வேண்டாம், சராசரிகள் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கப்பட்டவை. துல்லியம் வேண்டுமானால் சீசன் மொத்தத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஆட்டவாரியாக வரும் சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கவே கூடாது. 3 ஷாட் அடித்த ஆட்டமும் 30 ஷாட் அடித்த ஆட்டமும் அதில் சம எடை பெற்றுவிடும்.

படி 3: யூசேஜ் ரேட்

வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அணியின் வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் அவர் கையில் முடிந்தது என்பதே இது. ஒரு கற்பனை ஆட்டம்: அணிக்கு 88 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ, 14 டர்ன்ஓவர். 88 + 8.8 + 14 = 110.8. வீரர் 48 நிமிடத்தில் 36 ஆடினார், ஆகவே 0.75ஆல் பெருக்க 83.1. அவர் கணக்கில் 18 ஷாட், 6 ஃப்ரீ த்ரோ, 3 டர்ன்ஓவர், அதாவது 23.64. வகுத்தால் சுமார் 28.4%.

ஐந்து பேரும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 20%. ஹார்டனுடையது 21.6, 29.0, பிறகு 40.5!

படி 4: லீக் சராசரியைக் கழியுங்கள்

பலரும் தவறவிடும் படி இது. த்ரீ பாயிண்டர் பெருகப் பெருக லீக் முழுவதன் ட்ரூ ஷூட்டிங்குமே மேலே போனது: 52.7, 53.5, 56.0. கழித்தால் ஹார்டனின் முன்னிலை 13.3, 6.5, 5.6. படி 2இல் 2018-19 சற்றே ஏறியதுபோலத் தெரிந்தது, உண்மையில் இறக்கம்தான்.

காரணம் ஊகிக்கக் கடினமில்லை. எதிரணியின் சிறந்த தடுப்பாளர் முன்பு டுரான்ட்டைப் பிடித்திருப்பார், இப்போது இவரை. ஷாட் எடுக்க அணிக்குக் கிடைக்கும் 24 விநாடிக் கடிகாரத்தில் நாலைந்து விநாடி மிச்சமிருக்கும்போது வேறு யாரும் தொட விரும்பாத பந்தும் இவரிடமே வரும். அந்த ஷாட்டை யாராவது அடித்துத்தானே ஆக வேண்டும்? இன்னும் சரியாமல் தாங்கியது ஆட்டத்துக்கு 13.2 த்ரீ பாயிண்டர் முயற்சியும் 11 ஃப்ரீ த்ரோவும்.

படி 5: கூடுதல் புள்ளி

படி 2இன் வகுக்கும் எண்ணை (25.5, 43.2, 58.7) படி 4இன் முன்னிலையால் பெருக்கி 100ஆல் வகுங்கள். சராசரி வீரர் அதே வாய்ப்புகளில் எடுப்பதைவிட ஆட்டத்துக்கு 3.4, 2.8, 3.3 புள்ளி அதிகம். முன்னிலை பாதிக்கும் கீழே போயும் பலன் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. சதவீதத்தை மட்டும் பார்த்து "ஆட்டம் போச்சு" என்பவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. டர்ன்ஓவர் இக்கணக்கில் சேரவில்லை, 2.2இலிருந்து 5.0 ஆனது சின்ன விஷயமல்ல. 22 வயதுக்காரரையும் 29 வயதுக்காரரையும் ஒப்பிடுவதால் அனுபவமும் கலந்துவிடுகிறது. வயதை விலக்க, ஒரே சீசனில் இன்னொரு நட்சத்திரம் ஆடிய ஆட்டங்களையும் ஆடாதவற்றையும் பிரித்து, இரண்டு குவியலுக்கும் படி 2, 3 போடுங்கள். ஒரு குவியலில் ஐந்தாறு ஆட்டம்தான் தேறுகிறது என்றால் அந்த விடையை நம்ப வேண்டாம்.