கறுப்புக் கதவில் விழுந்த கீறல்களைப் போக்கிய விதம்

புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த என் கறுப்புக் காரின் கதவில் கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமாக இருந்ததால், 1500 எண் வாட்டர் பேப்பரால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூடத் தாள் நயமாகும்) தேய்த்து, 2000 போட்டு, காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) கொடுத்து முடித்தேன். நிழலில் மின்னிய அதே கதவு, மறுநாள் வெயிலில் சுருள் சுருளான கீறல்களைக் காட்டியது.

கோளாறு வாளியில் இருந்தது. பேப்பரை அலசிய நீரிலேயே மீண்டும் நனைத்ததால், அடியில் தங்கிய துகள்கள் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்து பரப்பைக் கிழித்திருந்தன; வட்டமாகத் தேய்த்ததால் 1500 இட்ட கோடுகள் அழிந்தனவா என்பதையும் அறிய முடியவில்லை.

இம்முறை அலச ஒரு வாளி, நனைக்க ஒரு வாளி என்று வைத்து, கால் மணி நேரம் ஊறிய 2000 தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, சில துளி ஷாம்பு கலந்த நீருடன் கிடைமட்டமாக மட்டுமே தேய்த்தேன். பிறகு 3000 தாளால் மேலும் கீழுமாக, கிடைக்கோடு ஒன்றுகூட மிஞ்சாத நிலை வரும்வரை தேய்த்தேன். வழியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும்வரை அச்சமில்லை. கறுத்தால் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். விளிம்புகளில் அந்தப் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தேன்.

காம்பவுண்டும் பாலிஷும் முடிந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பாலிஷின் எண்ணெய் கீறலை மறைத்துவிடும் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. கைப்பிடியருகே ஆழமான கீறல் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.