வடக்குச் சுவரில் விழுந்த வெயில்

சென்னையில் ஒரு வீட்டின் நான்கு சுவர்களிலும் பகல் வெளிச்சம் எவ்வளவு விழும் என்று கணக்கிட நிரல் எழுதியிருந்தேன். டிசம்பரில் கணக்கு ஒத்துப்போனது. ஜூன் நண்பகலில் வடக்குச் சுவரில் லக்ஸ் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் கருவி) காட்டியது கணக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! மீட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன்.

மூன்றாம் நாள் சுவரையே பார்த்தேன். சன்ஷேடின் நிழல் வடக்குச் சுவரில் தரைவரை இறங்கியிருந்தது. சென்னை 13 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. என் நிரலோ அதைத் தெற்கிலேயே வைத்திருந்தது.

சூரியன் எந்தத் திசையில் நிற்கிறது என்று சொல்லும் திசைக்கோணத்தை, சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தரும் நேர்மாறு சைன் கொண்டு கண்டதுதான் பிழை. வடகிழக்குக்கும் தென்கிழக்குக்கும் சைன் மதிப்பு ஒன்றே; அதை மட்டும் வைத்து வடக்கா தெற்கா என்று பிரிக்க முடியாது. சைன், கொசைன் இரண்டையும் கேட்கும் 'ஏடான்2' (atan2) சார்புக்கு மாற்றினேன். ஒரே வரி, வடக்குச் சுவர் சரியாகிவிட்டது.

கிழக்கு, மேற்குச் சுவர்களில் மட்டும் சிறு விலகல் மிஞ்சியது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. சென்னைச் சூரியன் அதைவிட ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கி வருகிறது. அதையும் நேரச் சமன்பாட்டையும் (சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் இடையே நாளுக்கு நாள் மாறும் வித்தியாசம்) சேர்த்த பிறகு காலை அளவீடுகளும் பொருந்தின.