கர்ப்பிணிகளுக்கு வாட்ஸ்அப்பில் தகவல்: குரூப் வேண்டாம், பிராட்காஸ்ட் போதும்

கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஆலோசனை சொல்ல நினைப்பவர்கள் எடுத்தவுடன் குரூப் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். குரூப்பில் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதம் முடியும்வரை அக்கம்பக்கத்தில் மூச்சுவிடாத வீடுகள் உண்டு. போதாததற்கு காலை வணக்கப் படங்கள் வேறு. அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள்: நீங்கள் ஒருமுறை அனுப்பும் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், மற்றவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது.

1. நம்பர் வாங்கும்போதே சம்மதம் கேளுங்கள். போன் யாருடையது என்பதையும் கேளுங்கள். கணவருடையது என்றால், அவர் வேலை முடிந்து வந்த பிறகு அனுப்புங்கள். நாலு பேர் காதில் விழக்கூடாத விஷயத்தை அந்தப் போனுக்கு அனுப்பாதீர்கள்.

2. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, 'நியூ பிராட்காஸ்ட்' எடுத்துப் பெயர்களைச் சேருங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச்சேரும். நேரில் பார்க்கும்போதே சேமிக்க வைத்துவிடுங்கள். அவர்கள் அனுப்பும் பதில் உங்களுக்கு மட்டும் வரும்.

3. எழுதாதீர்கள், பேசுங்கள். ஒரு ஆடியோவுக்கு ஒரே விஷயம், ஒரு நிமிடத்துக்குள், ஊர்ப் பேச்சில். உதாரணமாக:

"இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோட போடாதீங்கம்மா. கால்சியம் மாத்திரையோடயும் சேர்த்துப் போடக் கூடாது. அதைக் காலையில போட்டா இதை ராத்திரி போடுங்க. மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அரசு 180 நாளுக்குக் கொடுக்கும் மாத்திரை பரணில் கிடக்கும்.

4. பேசியதை அனுப்பும் முன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போட்டுக் காட்டுங்கள். குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது போன்ற ஃபார்வர்டுகளுக்கு இங்கே இடமில்லை.

5. அபாய அறிகுறிகளை மாதம் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்: ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், கண் மங்கலோடு கடும் தலைவலி, வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல். இதில் எது வந்தாலும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

6. பட்டியலை வாராவாரம் பாருங்கள். கரு கலைந்தவருக்குக் குழந்தை பற்றிய ஆடியோ தொடர்ந்து போவது கொடுமை. தெரிந்த அன்றே பெயரை எடுத்துவிட்டு, நேரில் போய்ப் பாருங்கள். பிரசவமானவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, தாய்ப்பாலைப் பற்றியும் 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகளைப் பற்றியும் அதில் அனுப்புங்கள்.