ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்: ஸ்டீயரிங் ராக்கை அசையாமல் உட்கார வைப்பது

ட்ரையம்ஃப் கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயரின் ஸ்டீயரிங்கை மேம்படுத்தலாம் என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது குட்டி ஸ்டீயரிங் வீல், இல்லையென்றால் குறைந்த சுற்றில் திரும்பும் ராக் (வீலின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக்கிச் சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டும் அதன் குழாயும்), இல்லையென்றால் மோட்டார் வைத்த பவர் ஸ்டீயரிங். மூன்றும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏறக்குறைய முக்கால் டன் எடையுள்ள வண்டி இது, ஒற்றை விரலில் திரும்பாவிட்டாலும் ஒற்றைக் கையில் சுலபமாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் எங்கோ பிடிக்கிறது. அதன்மேல் மோட்டாரைப் போடுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போலத்தான்.

இந்த வண்டியின் நிஜமான பலவீனம், ராக் சேஸிஸில் உட்கார்ந்திருக்கும் விதம். இரண்டு யூ-போல்ட்டுகள் ராக்கின் குழாயைப் பிடித்திருக்கும், இடையே ரப்பர் புஷ். வீலைத் திருப்பியதும் ராக் முதலில் ரப்பரை நசுக்கிப் பக்கவாட்டில் நகரும், அதற்குப் பிறகுதான் டயர் திரும்பும். எஞ்சினுக்கு நேர் முன்னால் இருப்பதால் ஒழுகும் ஆயில் ரப்பரில் ஊறி, சில வருடங்களில் அதைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். 1962 முதல் 1980 வரை வந்த எல்லா ஸ்பிட்ஃபயரிலும் அடிப்படை ஏற்பாடு இதுதான். ட்ரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்த வண்டி என்பதால், 1961 முதல் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ராக்கைக் கழற்றிப் பழகிய மெக்கானிக்குக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ரப்பருக்குப் பதில் அலுமினியக் கட்டைகளை வைப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை. கூடவே டை ராடு எண்ட் (ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடின் நுனி மூட்டு), கப்ளிங் (ஸ்டீயரிங் தண்டை ராக்கோடு சேர்க்கும் இணைப்பு), பூட் (ராக்கின் முனையை மூடும் ரப்பர் உறை) ஆகியவற்றையும் மாற்றிவிடலாம். நிதானமாகச் செய்தால் ஒரு சனி, ஞாயிறு போதும்.

கழற்றுவதற்கு முன்னால்

பானெட்டை முன்பக்கமாகத் திறந்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலை இரண்டு பக்கமும் சிறிதாக ஆட்டட்டும். டயர் தரையிலேயே இருக்க வேண்டும். ராக் குழாயும் சேஸிஸும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். குழாய் நகர்வது விரலில் தெரிந்தால் ரப்பர் போய்விட்டது. அங்கே அசைவில்லை, ஆனால் வீலில் ஆட்டம் இருக்கிறது என்றால் கப்ளிங், டை ராடு எண்ட், ராக்கின் உள் பால் ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். அலுமினியக் கட்டை இந்த ஆட்டங்களை நீக்காது. இதுவரை ரப்பர் மூடி வைத்திருந்ததையெல்லாம் வெட்டவெளிச்சமாக்கும், அவ்வளவுதான்.

ஸ்டீயரிங் கனமாக இருந்தால் ராக்கைத் தொடுவதற்கு முன் ட்ரன்னியனைப் பாருங்கள். சக்கரம் திரும்பும்போது, அதைத் தாங்கும் நிமிர்ந்த துண்டான வெர்டிகல் லிங்க் கீழே ஒரு பித்தளை ட்ரன்னியனுக்குள் மரை போலச் சுழல்கிறது. அதற்குள் போக வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் கன்னைக் கையில் வைத்திருப்பவர் வழக்கம்போலக் கிரீஸை அடித்துவிடுவார். கெட்டியான கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, உள்ளே தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், முதலில் ஸ்டீயரிங் இறுகும், கடைசியில் வெர்டிகல் லிங்க் மரைப் பகுதியில் முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். ஆகவே அங்கே ஆயிலை ஏற்றிவிட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு ராக்குக்கு வாருங்கள்.

கழற்றுவது

இந்த வண்டியின் நட்டுகளெல்லாம் அங்குல அளவு. யூ-போல்ட் நட்டு 5/16 யுஎன்எஃப் (அங்குல அளவில் நெருக்கமான மரை), அதற்கு அரை அங்குல ஸ்பேனர். டை ராடு எண்ட் நட்டு 3/8 யுஎன்எஃப், அதற்கு 9/16 ஸ்பேனர். 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குல நட்டில் உட்காருவது போலத் தெரியும், துருப்பிடித்த நட்டானால் மூலையை மழித்துவிடும். 14 மி.மீ. ஸ்பேனரோ 9/16 நட்டில் ஏறவே ஏறாது. முந்தின நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு நீக்கும் ஆயில் அடித்து வையுங்கள்.

வீலை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, அங்கிருந்து மறுபக்கம் முழுக்கத் திருப்பிச் சுற்றுகளை எண்ணுங்கள். அதில் பாதி வந்ததும் நிறுத்தினால் அதுதான் ராக்கின் மையம். பினியன் (ராக்கின் பல்லை நகர்த்தும் சிறு பல் சக்கரம்) தண்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். ராக் குழாயின் நடுவுக்கும் சேஸிஸுக்கும் உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள், பின்னால் இதுதான் மிகவும் தேவைப்படும்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. சக்கரங்களைக் கழற்றி, டை ராடு எண்ட் நட்டை எடுங்கள். அதன் டேப்பர் (கூம்பான தண்டு) விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. டப்பென்று விட்டுவிடும். தண்டின் நுனியில் மட்டும் அடிக்காதீர்கள், மரை நசுங்கும். கவை போன்ற ஸ்ப்ளிட்டர் ரப்பர் பூட்டைக் கிழித்துவிடும், எண்டை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும் அது சரி.

கப்ளிங்கைத் தண்டோடு நெருக்கிப் பிடிக்கும் பின்ச் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, சில கப்ளிங்குகளில் முழுக்க வெளியே எடுத்தால்தான் பினியன் வழுக்கி வரும். அடுத்து யூ-போல்ட்டுகள். அவற்றின் கீழிருக்கும் அலுமினியப் பேக்கிங் துண்டுகளில் எது எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். ராக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஒரு முனையைத் தூக்கி உருவி எடுக்கலாம்.

மேசையில் வைத்துப் பினியனைக் கையால் சுழற்றுங்கள். நடுவில் மட்டும் லொடலொடவென்று இருந்து ஓரங்களில் சரியாக இருந்தால் பல் தேய்ந்துவிட்டது, வேறு ராக்தான் வாங்க வேண்டும். வலது கை ஓட்டும் வண்டிக்கும் இடது கை வண்டிக்கும் ராக் வேறு வேறு. எங்கும் ஒரே சீராகத் தளர்வாக இருந்தால், ராக்கைப் பினியனோடு அழுத்தும் டாம்பரின் ஷிம்மை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகட்டை) சரிசெய்தால் போதும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பிளஞ்சரையும் மூடியையும் மட்டும் போட்டு ஆட்டம் நிற்கும்வரை இறுக்குங்கள். மூடிக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அதோடு 0.1 மி.மீ. கூட்டி, அந்தக் கனத்துக்கு ஷிம் அடுக்கி, ஸ்பிரிங்கோடு பூட்டுங்கள். கிரீஸை அளவோடு வையுங்கள். அள்ளித் திணித்தால் வீலை ஒடிக்கும்போது பூட் பலூன் மாதிரி ஊதிக் கழன்றுவிடும்.

பூட்டுவது

சேஸிஸ் மேடையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். ஒரு செதில் துரு மாட்டியிருந்தாலும் கட்டை சாய்ந்து உட்காரும். அலுமினியக் கட்டைகளைக் குழாயில் பொருத்தி, யூ-போல்ட் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். இறுக்க வேண்டாம்.

பலரும் சறுக்குவது இங்கேதான். கட்டைக்குள் ராக் குழாய் தன் அச்சில் உருளக்கூடியது. ரப்பர் இருந்தவரை பினியனின் சாய்வு கொஞ்சம் தவறினாலும் ரப்பர் வளைந்து கொடுத்தது. அலுமினியம் வளையாது. சாய்வு தவறிய நிலையில் இறுக்கிவிட்டால் வீல் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரும், கப்ளிங்கும் சீக்கிரம் கிழியும். அதனால் முதலில் ராக்கை மையத்தில் நிறுத்திக் கப்ளிங்கைப் பூட்டுங்கள். வீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்கைந்து முறை திருப்பினால் பினியன் தனக்கு வசதியான சாய்வைத் தானே தேடிக்கொள்ளும். பிறகுதான் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், 12 முதல் 14 அடி-பவுண்டு திருகுவிசை வரை. நைலான் வைத்த நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். இறுக்கிய பின் வீல் முன்னைவிடக் கனத்தால் கட்டை குழாயை நெரிக்கிறது, கழற்றிப் பாருங்கள்.

எழுதி வைத்த உயரத்தை இப்போது ஒப்பிடுங்கள். ராக் சில மி.மீ. மேலோ கீழோ போயிருந்தால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டோ (முன் சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சற்றே திரும்பியிருக்கும் அளவு) மாறி, மேடுபள்ளத்தில் வண்டி தானாகவே திரும்பும். பேக்கிங் துண்டுகளை வைத்துப் பழைய உயரத்துக்கே கொண்டுவாருங்கள்.

கப்ளிங்கைப் பாலியூரிதேனில் மாற்றினால் ஹாரன் அடிக்காமல் போகலாம். ஹாரனின் எர்த் ஸ்டீயரிங் தண்டு வழியாகத்தான் இறங்குகிறது, பழைய ரப்பர் கப்ளிங்கைத் தாண்ட அதில் ஒரு சிறு கம்பி இருக்கும். புதியதிலும் அப்படி ஒன்றைப் பாலமாகப் போட வேண்டும். ராக்குக்கு வரும் எர்த் பற்றி இனிக் கவலையில்லை, அலுமினியமே சேஸிஸோடு சேர்த்துவிடும்.

அதிர்வு கைக்கு வருவதைப் பொறுக்க மாட்டாதவர்கள் பாலியூரிதேன் புஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய பாணி ரப்பரையே புதிதாகப் போடுகிறவர்கள் யூ-போல்ட்டை வெளிப்புறமாகத் தள்ளி, அதன் தகட்டுக்கும் குழாயின் காலருக்கும் இடையே சுமார் 3 மி.மீ. விட்டு இறுக்க வேண்டும். தள்ளாமல் விட்டால் புது ரப்பரும் முதல் நாளே ஆடும்.

டோ பார்ப்பது

டை ராடு எண்ட் நட்டை 26 முதல் 28 அடி-பவுண்டுக்கு இறுக்கி, சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கிச் சில அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். இரண்டு முன் டயர்களின் நடுவிலும், முன்பக்கம் அச்சு உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டுக்கும் இடையே அளங்கள். அதே கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை அரைச்சுற்று உருட்டி மறுபடி அளங்கள். ஒரே கோட்டை இரண்டு இடத்திலும் அளப்பதால் ரிம் கோணலாக இருந்தாலும் கணக்கு தப்பாது. ரேடியல் டயருக்கு முன் அளவு பின் அளவைவிட 0 முதல் 1.6 மி.மீ. வரை குறைவாக இருக்கலாம். பூட்டின் வெளிக் கிளிப்பைத் தளர்த்திவிட்டு இரண்டு ராடையும் சம அளவு திருப்புங்கள், இல்லையென்றால் பூட் முறுக்கிக்கொள்ளும்.

ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால் வீலைக் கழற்றி நேராக்கும் ஆசை வரும். ராக் மையத்தில் இல்லாமல் அப்படிச் செய்தால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஒடியும். ராடுகளில்தான் திருத்த வேண்டும்.

இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, டயர் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட் நட்டுகளுக்கும் பின்ச் போல்ட்டுக்கும் இன்னொரு முறை ஸ்பேனரைக் கொடுங்கள். அலுமினியக் கட்டை அதற்குள் ஒரு மயிரிழை படிந்திருக்கும்.