நானோ துகள் மண்ணில் எவ்வளவு தூரம் போகும்? சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணல் நிரப்பிய குழாயின் மேலே நானோ வெள்ளித் துகள் கலந்த நீரை விட்டு, அடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பதுதான் இந்தச் சோதனை. போன வாரம் ஒரு மாணவி கையில் குப்பியோடு ஓடி வந்தார். “சார், ஊற்றிய வெள்ளி அப்படியே மணலைத் தாண்டி வந்துவிட்டது!” குப்பியில் தெளிந்த மஞ்சள் நீர்; நானோ வெள்ளியின் நிறம் அது. “எந்தத் தண்ணீரில் ஓட்டினாயம்மா?” என்றேன். காய்ச்சி வடித்த நீராம். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை. கையுறை, குடுவைச் சுத்தம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

காய்ச்சி வடித்த நீரை வைத்து மண்ணுக்குத் தீர்ப்புச் சொல்வது

சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) பூசிய நானோ வெள்ளிக்கு எதிர்மின்னூட்டம். மணலுக்கும் அதுவே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் துகள் எங்கும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. மண்ணுக்குள் இருக்கும் நீரிலோ உப்புகள் உண்டு. அவை அந்தத் தள்ளுவிசையை மழுங்கடிக்கின்றன. துகள்கள் திரள்வதற்குச் சோடியம் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிமோல் வேண்டும்; கால்சியம் குளோரைடு 2 மில்லிமோலே போதும்.

இதைப் பாராமல் ஆறு மாதம் அளந்து, “நானோ வெள்ளி நிலத்தடி நீரை எளிதில் எட்டும்” என்று எழுதிவைத்தேன். பிறகு ஒருநாள் கிணற்று நீரில் கலந்தேன். குழாய்க்குள் விடும் முன்பே மஞ்சள் மங்கிச் சாம்பல் நிறமானது. மணலின் மேற்பரப்பில் விரற்கடை அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. அடியில் சொட்டியது வெறும் நீர். ஆறு மாத உழைப்பும் வீண். இன்றும் அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

அதற்காக “கடின நீரில் துகள் நகராது” என்றும் எழுதிவிடாதீர்கள். மட்கிலிருந்து கரையும் ஹியூமிக் அமிலம் துகளைப் போர்த்தித் திரளவிடாமல் காக்கும். உப்பில்லாத மழைநீர் இறங்கும்போது, ஒட்டியதில் ஒரு பகுதி கழன்று மீண்டும் நகரலாம். எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறீர்களோ, அந்த மண்ணின் நீரில் ஓட்டுங்கள்.

0.45 மைக்ரான் வடிகட்டி

இதைத் தாண்டியதெல்லாம் ‘கரைந்த வெள்ளி’ என்பது பழைய வழக்கம். 0.45 மைக்ரான் என்றால் 450 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகளை அது எப்படித் தடுக்கும்? உண்மையில் கரைந்திருக்கும் வெள்ளி அயனியைத் தனியே அளக்க 3 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) நுண்வடிகட்டியை மையவிலக்கியில் சுழற்றுங்கள்.

மண்ணில் டைட்டானியம் தேடுவது

புவி மேலோட்டிலேயே சுமார் அரை சதவீதம் டைட்டானியம் இருக்கிறது. நீங்கள் சோதனைக்குச் சேர்த்த சில மில்லிகிராம் நானோ டைட்டானியம் அதில் காணாமல் போகும்.

லேபிளில் உள்ள துகள் அளவு

நம்பாதீர்கள். அளந்து பாருங்கள்.

புரோமைடு ஓட்டாமல் தொடங்குவது

குழாய்ச் சுவரோரமாக நீர் நழுவி ஓடினால், மணலில் ஒட்டாமல் நீரோடே போகும் புரோமைடு (பொட்டாசியம் புரோமைடு உப்பாகக் கலப்பது) அதை அன்றைக்கே காட்டிவிடும்.