வீட்டுக் குளிர்நீர்த் தொட்டிக்குச் சில்லர் பொருத்தும் முறை

சென்னையில் மே மாதப் பிற்பகலில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். குளிர்ந்த நீரில் சில நிமிடம் கழுத்தளவு அமர்ந்து எழுவதற்காக வீட்டில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். அதில் நிரப்பும் தண்ணீரைக் குளிர்விக்க முதல் கோடை முழுவதும் நான் ஐஸ் பார்களையே நம்பியிருந்தேன். 300 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 60 கிலோ ஐஸ் தேவைப்படும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை வைத்து யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாரம் மூன்று முறை 60 கிலோ ஐஸ் சுமப்பது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. அதோடு, மீனைப் பதப்படுத்துவதற்காகச் செய்யப்படும் ஐஸ், ஒருவர் கழுத்தளவு அமரும் தண்ணீரில் போடுவதற்குத் தக்க தூய்மையுடையதும் அன்று. எனவே மறு ஆண்டு, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் ஒன்றை வாங்கி நானே பொருத்தினேன். குழாய் வெட்டுவது, டெஃப்லான் டேப் சுற்றுவது போன்றவற்றை விளக்காமல், நான் தடுமாறிய இடங்களையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

300 லிட்டர் தண்ணீர், தொட்டி, உள்ளே அமரும் ஆள் என எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவுக்குக் குறையாது. நம் நாட்டின் கட்டடத் தரநிலையில் குடியிருப்பு அறைகளுக்கான சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ என்றே வைக்கப்பட்டுள்ளது. ஆகவே மாடியிலோ பால்கனியிலோ தொட்டி வைக்க நினைப்பவர்கள் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. நான் தரைத்தளத்தில், கூரையுள்ள பின்வாசலில் வைத்திருக்கிறேன்.

சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தையும், தன் கம்ப்ரசர் செலவிடும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. அதை மூடிய குளியலறைக்குள் வைத்தால் தான் வெளியேற்றிய வெப்பக் காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு திணறும். காற்று வெளியேறும் பக்கம் குறைந்தது இரண்டடி வெற்றிடம் இருக்கட்டும்.

படி 2: எவ்வளவு திறனுள்ள சில்லர்?

பெட்டியின் மீது 1 ஹெச்.பி. என்று அச்சிட்டிருப்பது கம்ப்ரசரின் அளவைக் குறிக்கிறதே தவிர, தண்ணீரிலிருந்து எடுக்கப்படும் வெப்பத்தின் அளவைக் குறிப்பதில்லை. குளிர்விக்கும் திறன் தனியாக வாட்டிலோ பி.டி.யூ.விலோ குறிக்கப்பட்டிருக்கும்; மணிக்கு 12,000 பி.டி.யூ. என்பது ஏ.சி.க்குச் சொல்லும் ஒரு டன், அதாவது 3.5 கிலோவாட். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். அந்த எண்ணும் எந்தக் காற்று வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 25 டிகிரிக் காற்றில் 2 கிலோவாட் தரும் இயந்திரம் அக்னி நட்சத்திரத்தின் 40 டிகிரி வெயிலில் அதே அளவைத் தராது. நான் கணக்குப் போடும்போது 1.5 கிலோவாட் என்றே வைத்துக்கொண்டேன்.

300 லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 25,000 கிலோஜூல், அதாவது 7 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 1.5 கிலோவாட் திறனில் இது ஏறக்குறைய நான்கே முக்கால் மணி நேர வேலை. கால் ஹெச்.பி. சில்லரை வாங்கினால் ஒரு பகலும் இரவும் ஓட வேண்டியிருக்கும். இடையில் வெளிக்காற்றின் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால், நம் கோடையில் அது 12 டிகிரியை எட்டாமலே நின்றுவிடவும் கூடும். நம் ஊருக்கு 1 ஹெச்.பி.க்குக் குறைந்ததை நான் பரிந்துரைப்பதில்லை.

சில்லருக்குள் தண்ணீரின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் குழாய்ப் பகுதியான வெப்பமாற்றி டைட்டானியத்தால் ஆனதாக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் குளோரினும் சேர்ந்தால் செம்புக் குழாய் அரிக்கப்படும். விலை கூடுதல் என்றாலும் இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

படி 3: தண்ணீரின் பாதை

வரிசை இதுதான்: தொட்டி, வடிகட்டி வலை, பம்ப், ஃபில்டர், சில்லர், மீண்டும் தொட்டி. உறிஞ்சும் வாயும் திரும்பி வரும் வாயும் தொட்டியின் எதிரெதிர் முனைகளில் இருக்க வேண்டும். அருகருகே வைத்தால் குளிர்ந்த தண்ணீர் அப்படியே திரும்பவும் உறிஞ்சப்பட்டு, மற்ற பகுதி வெதுவெதுப்பாகவே நின்றுவிடும். உறிஞ்சும் வாயின் மீது அகலமான வலை மூடி கட்டாயம் வேண்டும்; தலைமுடியோ தோலோ அதில் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து சிறிய தொட்டியிலும் உண்டு.

இந்தப் படியில்தான் நான் மூன்று நாள்களை இழந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தை நேரில் கண்ட பிறகு, மின்சாரத்தில் ஓடும் எதையும் தரையில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே சில்லரையும் பம்பையும் சேர்த்து மூன்றடி உயர இரும்புத் தாங்கியின் மீது ஏற்றினேன். தொட்டியின் நீர்மட்டமோ இரண்டடிதான். இயக்கியவுடன் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடியது. பிறகு நீரோட்டம் இல்லை என்ற எச்சரிக்கையுடன் சில்லர் நின்றது. அணைத்து, மீண்டும் போட்டால் மறுபடியும் பத்து நிமிடம். சில்லரில்தான் பழுது என்று எண்ணி விற்றவரை அழைத்தேன். சென்சாரை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதையும் நம்பினேன். சென்சாரில் எந்தக் குறையும் இல்லை.

நிகழ்ந்தது இதுதான். நாம் பயன்படுத்தும் சாதாரணச் சுழற்சிப் பம்ப் தண்ணீரைத் தள்ளுவதில் திறமையானது. ஆனால் காற்றை இழுத்து வெளியேற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்போது, உறிஞ்சும் பக்கக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுகிறது. அப்போது இணைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் அங்கே தண்ணீர் சொட்டாது. மாறாகக் காற்று உள்ளே நுழையும். சொட்டுவதைத் தேடித் தேடி நான் எந்தக் கசிவையும் காணாததற்கு இதுவே காரணம். நுழைந்த காற்று பம்பின் தலைப்பகுதியில் சேர்ந்து, பத்து நிமிடத்தில் நீரோட்டத்தை அறுத்துவிட்டது. அந்த நிலையில் சில்லர் நின்றுபோனதும் நன்மைக்கே. ஓட்டமில்லாத தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டே இருந்தால் அது வெப்பமாற்றிக்குள்ளேயே உறைந்து, குழாயைப் பிளந்துவிடும்.

தீர்வு எளிமையானது. சில்லர் தாங்கியின் மீதே இருக்கட்டும். பம்பை மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு செங்கல் உயர மேடையில் வையுங்கள். அப்போது தண்ணீர் தன் எடையாலேயே பம்புக்குள் வந்து நிரம்பும். தொட்டியிலிருந்து பம்பு வரை ஹோஸ் எந்த இடத்திலும் மேலேறி வளையாமல் சரிவாகவே இறங்க வேண்டும். ஒரே ஒரு மேடு இருந்தாலும் காற்று அங்கே குடிகொள்ளும். வெள்ளம் வந்தால் பம்பைக் கழற்றி மேலே எடுத்துவைக்க வசதியாக, அதன் இரு புறமும் தண்ணீரை அடைக்கும் பால் வால்வும் (ball valve), குழாயைக் கழற்றி மாட்டும் யூனியன் இணைப்பும் போட்டிருக்கிறேன்.

ஹோஸ் வாங்கும்போது உள்ளே நூல் பின்னிய, ஒளி ஊடுருவும் வகையையே கேளுங்கள். மெல்லிய பச்சைத் தோட்ட ஹோஸ் உறிஞ்சும் விசையில் தட்டையாகிவிடும். ஒளி ஊடுருவும் ஹோஸில் காற்றுக் குமிழ்கள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்க முடியும். அத்தகைய ஹோஸ் எனக்கு இருந்திருந்தால் அந்த மூன்று நாள்களும் மிஞ்சியிருக்கும்.

பம்ப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் சும்மா கிடக்கும் அரை ஹெச்.பி. மோட்டாரைப் பயன்படுத்தலாமா என்று பலரும் எண்ணுவார்கள். வேண்டாம். அது பம்புக்குத் தரும் ஏறத்தாழ 370 வாட்டில் பெரும்பகுதி இறுதியில் தண்ணீரில் வெப்பமாகவே சேருகிறது. ஒரு பக்கம் குளிர்வித்துக்கொண்டே மறுபக்கம் சூடேற்றுவது போன்றது அது. 60 முதல் 100 வாட் வரையுள்ள சிறிய பம்ப் போதும். சில்லரின் குறிப்பேட்டில் கேட்டிருக்கும் ஓட்டம் கிடைக்கிறதா என்பதை வாளியை வைத்தே அளக்கலாம்: 10 லிட்டர் வாளி 24 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 1,500 லிட்டர்.

படி 4: வெப்பக் காப்பு

தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் ஓர் அங்குலத் தெர்மாகோல், மேலே இறுக்கமான மூடி, ஹோஸ்களின் மீது ஏ.சி. குழாய்க்குப் போடும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறை ஆகியவை வேண்டும். ரப்பர் உறை வெறும் மின் சிக்கனத்துக்காக மட்டுமன்று. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். உறையில்லாத ஹோஸிலிருந்து இரவெல்லாம் தண்ணீர் வடிந்து தரையில் குட்டையாகத் தேங்கும். அதைக் கசிவு என்று எண்ணி இணைப்புகளைப் பிரித்துவிடாதீர்கள். ஹோஸில் காற்றுக் குமிழ் ஓடுகிறதா என்ற சோதனை (படி 6) முழுமையாக முடிந்த பிறகே உறையைப் போடுங்கள்.

படி 5: மின் இணைப்பு

இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள். சில்லருக்கெனத் தனி இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., சோதித்துப் பார்த்த எர்த் ஆகிய மூன்றும் இல்லாமல் யாரும் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. என் வழக்கம் இன்னும் கடுமையானது: இறங்குவதற்கு முன் சில்லரையும் பம்பையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். 300 லிட்டர் தண்ணீர் ஐந்து நிமிடத்தில் சூடாகிவிடாது.

படி 6: முதல் ஓட்டம்

தண்ணீரை அதிகாலையில் நிரப்புங்கள். பிற்பகலைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். முதலில் பம்பை மட்டும் கால் மணி நேரம் ஓட்டி, ஃபில்டர் மூடியிலுள்ள காற்றுப் பொத்தானை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். குமிழ் நின்ற பிறகு சில்லரைப் போட்டு, 15 டிகிரியில் அமையுங்கள்.

அடுத்த அரை மணியில், திரும்பி வரும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சில்லர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மணிக்கு 1,500 லிட்டர் ஓட்டத்தில், 1.5 கிலோவாட் சில்லரின் உள்ளே செல்லும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவு. தொட்டியின் வெப்பநிலையை மணிக்கொருமுறை குறித்துவாருங்கள். மணிக்கு நான்கு டிகிரி இறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது. சில்லரின் திரையை மட்டும் நம்பாமல், தனி வெப்பமானி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் அது 0 டிகிரி காட்ட வேண்டும்.

முதல் குளிர்வித்தலுக்கு எனக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. இரு மாதக் கணக்கீட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் (ஸ்லாப்) கட்டணமும் சேர்ந்து உயரும் என்பதால், எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

படி 7: தண்ணீரைப் பேணுதலும் இறங்குதலும்

குளிர்ந்த தண்ணீரில் கிருமி வளராது என்பது தவறு. மெதுவாக வளரும், அவ்வளவுதான். அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரையும், குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையும் இருக்கும்படி சோதனைத் தாளால் பார்த்துவருகிறேன். 20 மைக்ரான் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

முதல் முறை இறங்குபவருக்கு 15 டிகிரியும் ஒரு நிமிடமும் போதும். தோல் திடீரெனக் குளிரும்போது மூச்சு தானாகவே திணறி இழுக்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். இந்த அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சம் தொட்டு, ஓரிரு நிமிடங்களில் தணியும். எனவே தலையை முக்காமல், மெல்ல இறங்கி, மூச்சை நீளமாக வெளியே விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தனியாக இருக்கும்போது யாருமே இறங்க வேண்டாம். எடைப் பயிற்சி செய்த உடனேயும் நான் இறங்குவதில்லை. பயிற்சிக்குப் பிறகு 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்ததாக 2015இல் வெளியான 12 வார ஆய்வு ஒன்று காட்டியது.

பிற்சேர்க்கை 1: கோயம்புத்தூரிலிருந்து எழுதிய வாசகர் ஒருவருக்கு, பம்ப் கீழே இருந்தும் ஒரே வாரத்தில் நீரோட்ட எச்சரிக்கை வந்திருக்கிறது. படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தபோது ஃபில்டர் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்தது. தலையில் தேங்காய் எண்ணெயுடன் இறங்கியதே காரணம். எண்ணெய் ஃபில்டரின் துளைகளை அடைப்பதோடு குளோரினையும் தின்றுவிடும். சீயக்காயோ சோப்போ போட்டுக் குளித்து, நன்றாக அலசிய பிறகே தொட்டியில் இறங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: மின்தடைக்குப் பிறகு சில்லர் இயங்கவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். கம்ப்ரசரைக் காக்க மூன்று நிமிடம் வரை அது தானாகவே காத்திருக்கும். அந்த நேரத்தில் சுவிட்சை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். அதற்குப் பிறகும் நீரோட்ட எச்சரிக்கை வந்தால், தடையின்போது மேலே இருக்கும் சில்லரிலிருந்து தண்ணீர் இறங்கி, காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். திரும்பி வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் இப்படி ஆகும். அதை நீருக்குள் ஓரடி ஆழத்தில் இறக்கிவைத்த பிறகு அவர்கள் இருவருக்குமே அந்தச் சிக்கல் வரவில்லை.